நான்கு மணி நேரமும் ஒரு கை விளையாட்டும்

இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கு, அதாவது டயாலிசிஸுக்கு, வருவோர் எங்களிடம் பல கேள்விகள் கேட்கின்றனர். எதை உண்ணலாம், எவ்வளவு நீர் அருந்தலாம், எப்போது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் என்பன அவற்றுள் அடிக்கடி வருபவை. ஆனால் மிகுதியானோர் கேட்கத் தயங்கும் கேள்வி வேறொன்று: “இந்த நான்கு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது?” இது சிறிய கேள்வி அன்று. சிகிச்சையின் பயனையே பாதிக்கக்கூடிய கேள்வி என்பதால் இவ்விதழில் அதனை விரிவாக எடுத்துக்கொள்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். வாரத்திற்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 624 மணி நேரம். முழு நாள்களாகக் கூட்டினால் 26 நாள்கள். ஏறத்தாழ ஒரு மாத காலத்தை நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கட்டிலில், ஒரு கையை அசைக்காமல், கூரையையும் இயந்திரத்தின் எண்களையும் பார்த்தவாறு கழிக்கிறீர்கள். இக்காலத்தை நிரப்ப ஏதேனும் வேண்டும் என்று மனம் கேட்பது இயல்பே.

சலிப்பு ஏன் மருத்துவப் பிரச்சினை?

மூன்றரை மணி நேரம் கடந்ததும், “போதும், அரை மணி முன்னதாக எடுத்துவிடுங்கள்” என்று செவிலியரைக் கேட்போர் பலர். உடல் துன்பத்தால் கேட்பவர்களும் உண்டு. அவர்களை நாங்கள் உடனே பரிசோதிக்கிறோம். ஆயினும் பலருக்குக் காரணம் சலிப்பு மட்டுமே. ஒரு நாள் அரை மணி குறைந்தால் பெரிய இழப்பாகத் தோன்றாது. அதுவே ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தால் வாரத்திற்கு ஒன்றரை மணி, ஆண்டுக்கு 78 மணி நேரம் குறைகிறது. அதாவது ஏறத்தாழ 20 முறை சிகிச்சைக்கே வராமல் இருந்ததற்கு ஒப்பான இழப்பு. உடலில் தேங்கும் நீரும் கழிவும் அந்த அரை மணியைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். மூச்சுத் திணறலாகவும் கால் வீக்கமாகவும் உயர் இரத்த அழுத்தமாகவும் பின்னர் திருப்பித் தரும்.

அதே நான்கு மணி நேரத்தில் எடுக்க வேண்டிய நீரை மூன்றரை மணியில் எடுக்க முனைந்தால் வேகம் கூட்ட வேண்டியிருக்கும். வேகம் கூடினால் இரத்த அழுத்தம் சரியும், தசை பிடித்துக்கொள்ளும். ஆகவே முழு நேரமும் கட்டிலில் இருக்கத் துணை செய்யும் எதுவும் சிகிச்சைக்கு உதவுவதே. விளையாட்டு சிறுநீரகத்தைச் சீராக்காது. கிரியேட்டினின் அளவைக் குறைக்காது. அதனை மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்தை முழுமையாகப் பெறத் துணைநிற்பது என்று மட்டுமே சொல்கிறோம்.

கவனமும் வலியும்

முறைக்கு 2 ஊசிகள் என்று கொண்டால் ஆண்டுக்கு 312 முறை ஊசி குத்தப்படுகிறது. அவை சாதாரண ஊசிகளும் அல்ல, தடித்தவை. வலி உடலில் தோன்றினாலும் அதனை உணர்வது மூளை. நரம்பு வழியே செல்லும் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படலாம் என்ற வாயில் கோட்பாட்டை மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965இல் முன்வைத்தனர். அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், மனத்தின் கவனம் வலியின் அளவை மாற்றும் என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தீக்காயமுற்றோருக்கென ஒரு கணினி விளையாட்டையே உருவாக்கினர். காயத்திற்குக் கட்டு மாற்றும்போது நோயாளி கண்ணை மூடிய கருவி வழியே பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் பறந்து பனிப்பந்துகளை எறிவார். கவனம் பனியில் இருக்கும்போது வலி குறைவாக உணரப்பட்டது.

நமக்கு அத்தகைய கருவி தேவையில்லை. ஊசி குத்தும் அந்த ஒரு நிமிடத்தில், உடன் வந்தவர் ஊசியிடும் கைக்கு எதிர்ப்புறம் நின்று ஒரு சொல் கொடுக்கலாம். அச்சொல்லின் கடைசி எழுத்தில் தொடங்கும் ஊர்ப்பெயரை நோயாளி சொல்லலாம். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரலாம். எளிமையானவைதாம், ஆயினும் மனம் அங்கே செல்ல, கை இங்கே தளரும். தளர்ந்த கையில் ஊசி குத்துவது செவிலியருக்கும் எளிது.

ஒரு கையால் ஆடக்கூடியவை

ஃபிஸ்டுலா பெரும்பாலும் அதிகம் பயன்படாத கையில் அமைக்கப்படுவதால், பலருக்கு வலக்கை ஓய்வாக இருக்கும். நம் வீட்டு விளையாட்டுகள் பலவற்றுக்கு அது போதும்.

பல்லாங்குழி இவற்றுள் முதலிடம் பெறும். பக்கத்திற்கு 7 வீதம் 14 குழிகள்; புளியங்கொட்டையோ சோழியோ இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். ஒரு குழியின் காய்களை எடுத்து ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல ஒரு கையே தேவை. ஒரு குழியில் 4 காய்கள் சேர்ந்தால் “பசு” என்று எடுத்துக்கொள்வதையும், வெறுங்குழியைத் தடவி அடுத்த குழியை அள்ளுவதையும் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நீரிழிவால் பார்வை மங்கியவர்களும் விரல்நுனியால் குழியைத் தொட்டு எண்ணி ஆடலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. மடக்கக்கூடிய பலகை பையில் அடங்கும். கட்டிலின் குறுக்கு மேசையில் பொருந்தும்.

ஆடு புலி ஆட்டத்திற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். 3 புலிகள், 15 ஆடுகள், 23 சந்திப்புகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டப் பார்க்கும். ஆடுகள் சேர்ந்து நின்று புலியை அசையவிடாமல் அடைக்கும். வலிமை குறைந்தவை கூடி நின்று வெல்லும் ஆட்டம் இது. எங்கள் பிரிவில் பலர் ஆடுகளையே விரும்பி எடுப்பதில் வியப்பில்லை.

சதுரங்கத்தை இன்னொரு வகையிலும் ஆடலாம். வெளியூரில் இருக்கும் பேரனோடோ தம்பியோடோ ஒரு நாளைக்கு ஒரு நகர்வு என்று தொலைபேசியில் சொல்லி ஆடுங்கள். இரண்டு வீடுகளிலும் ஒரே நிலையில் பலகை காத்திருக்கும். செவ்வாயன்று தொடங்கிய ஆட்டம் வியாழனன்று என்ன ஆகும் என்ற எதிர்பார்ப்போடு சிகிச்சைக்கு வருவது, வெறும் கடமைக்காக வருவதினும் எளிது.

தனியாக இருப்போருக்கு நாளிதழ்களின் குறுக்கெழுத்தும் சுடோக்குவும் உள்ளன. இரண்டும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்துபவை. படிக்க இயலாதவர்களுக்கு விடுகதையும் பாட்டுக்குப் பாட்டும் உண்டு. அருகருகே இருக்கும் கட்டில்களில் இருப்போர், மற்றவர் உறக்கம் கெடாத குரலில், சேர்ந்தே ஆடலாம். தாயக்கட்டை உருட்டும் ஒலி சிலருக்குத் தொல்லையாகலாம். மடித்த துணியின் மேல் சோழியை உருட்டினால் ஒலி எழாது.

எப்போது எதை ஆடுவது என்பதும் கருதத்தக்கது. முதல் இரண்டு மணி நேரத்தில் பொதுவாக மனம் தெளிவாக இருக்கும்; சிந்தித்து ஆடுபவற்றை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகுதியில் களைப்பு மிகும், இரத்த அழுத்தமும் இறங்கக்கூடும். அப்போது பாட்டும் விடுகதையும் போதும்.

கட்டாயம் காக்க வேண்டியவை

விளையாட்டின் நோக்கம் கவனத்தைத் திருப்புவது. அதிலேயே ஓர் ஆபத்தும் உள்ளது: உடல் சொல்வதைக் கேளாமல் விட்டுவிடக்கூடும். எனவே பின்வருவனவற்றை உறுதியாகப் பின்பற்றுங்கள்.

1. ஊசி குத்திய இடம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். போர்வையோ பலகையோ நாளிதழோ அதனை மறைக்கக் கூடாது. ஊசி நழுவினால் சில நிமிடங்களில் பெருமளவு இரத்தம் வெளியேறிவிடும்.

2. ஃபிஸ்டுலா உள்ள கையை மடக்கவோ, அதன்மீது எதையும் வைக்கவோ வேண்டாம். கழுத்தில் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு இரு கைகளும் ஓய்வாக இருந்தாலும், குழாய் இழுபடும்படி முன்னே குனிந்து ஆடக் கூடாது.

3. திரும்பத் திரும்பக் கொட்டாவி, வியர்வை, தலைச்சுற்றல், வாந்தி உணர்வு, கெண்டைக்கால் பிடிப்பு, நெஞ்சில் இறுக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் “இந்த ஆட்டம் முடியட்டும்” என்று காத்திராமல் அப்போதே செவிலியரை அழையுங்கள்.

4. காய்களையும் பலகைகளையும் கட்டிலுக்குக் கட்டில் மாற்ற வேண்டாம். ஹெப்படைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பிலும் 7 நாள்கள் வரை உயிர்ப்புடன் இருக்கவல்லது. மரப்பலகையை முழுமையாகத் தூய்மை செய்வது கடினம். ஆகவே அவரவர் பலகை அவரவருக்கே. தாளில் வரைந்ததை ஆடி முடித்ததும் குப்பையில் இட்டுவிடலாம்.

5. பணம் வைத்து ஆட வேண்டாம், கைப்பேசியிலும் கூடாது. நீண்ட நேரம், தனிமை, சோர்ந்த மனம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் அப்பழக்கம் எளிதில் வேரூன்றும். சிகிச்சைக்கென ஒதுக்கிய பணத்தை அதில் இழந்த குடும்பத்தின் துயரத்தை நாங்கள் காண விரும்பவில்லை.

வீட்டில் இருக்கும் நாள்கள்

சிகிச்சை இல்லாத நாள்களின் மாலைப் பொழுது எங்கள் நோயாளிகளுக்குக் கடினமானது. தாகம் எடுக்கும், வேலை ஏதும் இல்லாதபோது கை தானாகவே சொம்பை நாடும். வேண்டி அருந்தும் நீரும் உண்டு, பொழுது போகாமல் அருந்தும் நீரும் உண்டு. பின்னதைக் குறைக்க, கைக்கு ஒரு வேலை கொடுப்பது நல்ல வழி. மாலை ஐந்து மணிக்கு ஓர் ஆட்டம் என்று வீட்டில் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆட்டத்தோடு நொறுக்குத் தீனி மட்டும் வேண்டாம். உப்பு தாகத்தைக் கூட்டும். கடலையிலும் முந்திரியிலும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் மிகுதி.

உடனிருப்போருக்கு ஒரு சொல்

நோய் நீடிக்கும் வீட்டில் பேச்சு மெல்லச் சுருங்கிவிடுகிறது. “மாத்திரை போட்டாயிற்றா?”, “எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?”, “எடை எவ்வளவு ஏறியிருக்கிறது?” என்ற மூன்று கேள்விகளுக்குள் கணவன் மனைவி உரையாடல் அடங்கிவிடுவதை நாங்கள் பார்க்கிறோம். ஒருவர் கண்காணிப்பவர், மற்றவர் கண்காணிக்கப்படுபவர் என்றாகிவிடுகிறது. பல்லாங்குழிக்கு முன் அமர்ந்தால் இருவரும் சமம். அங்கே நோயாளி வெல்லலாம். உங்களைக் கேலி செய்யலாம். நீங்கள் கள்ளாட்டம் ஆடியதாகச் சண்டையும் பிடிக்கலாம். அவர் நோயுற்றவர் என்று இரங்கி வேண்டுமென்றே தோற்றுவிடாதீர்கள். அதனை அவர் உடனே கண்டுகொள்வார்.

விளையாட விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். உறங்குவதும், அமைதியாக இருப்பதும், பாட்டுக் கேட்பதும் அந்த நான்கு மணி நேரத்தின் நல்ல பயன்களே. ஆனால் முன்பு விரும்பிய எதிலும் இரண்டு வாரங்களுக்கு மேலாக நாட்டம் இல்லை, உறக்கமும் பசியும் கெட்டுவிட்டன, “இனி எதற்கு இதெல்லாம்” என்ற பேச்சு வருகிறது என்றால், அது சலிப்பு அன்று; மனச்சோர்வாக இருக்கலாம். டயாலிசிஸ் பெறுவோரிடையே அது பரவலாகக் காணப்படுவது, சிகிச்சையால் சீராகக்கூடியது. அதனை விளையாட்டால் தீர்க்க முயலாமல் எங்களிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், நாள்தோறும் பழகும் செவிலியரிடமாவது சொல்லுங்கள். செய்தி எங்களை வந்தடையும்.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு ஒரு தாளும் பென்சிலும், கைப்பிடி புளியங்கொட்டையும் எடுத்து வாருங்கள். புளியங்கொட்டையைக் கழுவி உலர்த்தி, உங்கள் பெயர் எழுதிய மூடியுள்ள டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு மேசை வேண்டுமென்றால், இயந்திரத்தில் இணைக்கும் முன்பே செவிலியரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆட்டம் பாதியில் நின்றாலும் கவலை இல்லை. காய்கள் நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள், அடுத்த முறை அங்கிருந்தே தொடரலாம். நான்கு மணி நேரச் சிகிச்சையை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள்.