கழிமுகமும் நம் சாப்பாட்டுத் தட்டும்

ஆறு கடலில் கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம். மலாய் மொழியில் அதற்குக் ‘கோலா’ என்று பெயர். கோலா சிலாங்கூர், கோலா கெடா போன்ற ஊர்ப்பெயர்கள் அப்படி வந்தவையே. நாம் விரும்பி உண்ணும் இறால், நண்டு, கெராங் ஆகியவை கழிமுகங்களிலும் அவற்றை அடுத்த சேற்றுக் கரைகளிலும் வளர்கின்றன.

இயற்கை எப்படி உரமிடுகிறது?

கழிமுகக் கரைகளில் பாக்காவ் மரங்கள் அடர்ந்திருக்கும். பேராக்கில் உள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பரப்பு 40,000 ஹெக்டருக்கும் அதிகம். அங்கு உதிரும் இலைகளை நண்டுகள் தின்கின்றன. எஞ்சியதை நுண்ணுயிர்கள் மட்கச் செய்கின்றன. அதிலிருந்து வரும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் மரங்களும், நீரில் மிதக்கும் நுண்பாசிகளும் எடுத்துக்கொள்கின்றன. நுண்பாசியைச் சிற்றுயிர்கள் உண்ணும். அவற்றை மீன்கள் உண்ணும். மிஞ்சும் தழைச்சத்தில் ஒரு பகுதியைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் வாயுவாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. இப்படி வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்.

சத்து அளவுக்கு மிஞ்சினால்?

தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு இது தெரியும்: பெருமழைக்கு முன் போட்ட உரம் வேருக்குச் சேராது, கால்வாயோடு போய்விடும். அந்த உரமும், கழிவுநீரும், கால்நடைச் சாணமும், சாக்கடையில் கொட்டும் உணவுக் கழிவும் இறுதியில் கழிமுகத்தையே அடைகின்றன. அங்கே நுண்பாசி அளவின்றிப் பெருகும். இரவில் அது நீரிலுள்ள உயிர்வளியை இழுத்துக்கொள்ளும்; மடிந்து அழுகும்போது இன்னும் குறையும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். பாக்காவ் காடு அழிக்கப்பட்ட இடத்தில் மிகைச் சத்தைத் தாங்கும் வலிமையும் குறைந்துவிடும்.

நம் உடல்நலத்துக்கு என்ன தொடர்பு?

நுண்பாசிகளில் சில நச்சுள்ளவை. வெப்பம், மழை, நீரோட்டம் ஆகியவற்றுடன் மிகைச் சத்தும் சேரும்போது அவை பெருகக்கூடும். கெராங், குப்பாங் போன்ற சிப்பிகள் நீரை வடிகட்டி உண்பதால் நச்சு அவற்றின் சதையில் தங்கிவிடும். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் கடற்பகுதிச் சிப்பிகளில் இத்தகைய நச்சு கண்டறியப்பட்டது. அவற்றை உண்ட சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இதை மறவாதீர்கள்: இந்த நச்சு வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது. நிறத்திலோ மணத்திலோ ருசியிலோ தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மீன்வளத் துறையோ சுகாதார அமைச்சோ எச்சரிக்கை விடுத்தால், அப்பகுதிச் சிப்பிகளை வாங்கவோ பொறுக்கவோ உண்ணவோ வேண்டாம்.

• செத்து மிதக்கும் மீன்களைச் சமைக்க எடுக்காதீர்கள்.

• சிப்பி உண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடு, நாக்கு, விரல்கள் மரத்துப்போனால் அல்லது தள்ளாட்டம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால், கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே 999 எண்ணை அழையுங்கள். என்ன உண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

• மழை வரும் நாளில் செடிகளுக்கு உரமிடாதீர்கள். மிஞ்சிய குழம்பையும் எண்ணெயையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

நம் வீட்டுக் கால்வாயில் விடுவது கழிமுகம் போய், ஒருநாள் நம் தட்டுக்கே திரும்பி வரலாம்.