திருப்பாடல் 117

திருப்பாடல் 117 (சங்கீதம் 117) என்பது விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் அமைந்த திருப்பாடல்கள் நூலின் மிகச் சிறிய பாடல் ஆகும். இரண்டே வசனங்கள் கொண்ட இது, விவிலியத்தின் மிகச் சிறிய அதிகாரமும் ஆகும். பழைய கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகளில் இதன் எண் 116.

பொருள்

முதல் வசனம் எல்லா இனத்தாரையும் கடவுளைப் புகழ அழைக்கிறது. இரண்டாம் வசனம் அதற்கான காரணத்தைக் கூறுகிறது. எபிரேய மூலத்தில் அக்காரணம் இரு சொற்களில் அடங்கியுள்ளது: ஹெசெத் (மாறாத அன்பு), எமெத் (வாக்குத் தவறாத உண்மை).

அந்த அன்பைப் பெற்றோராகப் பாடல் சுட்டுவது இசுரயேல் மக்களையே. அவ்வாறெனில் பிற இனத்தார் ஏன் நன்றி கூற வேண்டும் என்னும் வினா எழுகிறது. தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் (15:8-11) இதற்கு விளக்கம் தருகிறார். முன்னோருக்கு அளித்த வாக்குறுதிகளைக் கிறித்து உறுதிப்படுத்தியதில் கடவுளின் உண்மை வெளிப்பட்டது. அதன்வழி பிற இனத்தாரும் இரக்கம் பெற்றனர் என்பது அவர் கருத்து. இதற்குச் சான்றாக இப்பாடலின் முதல் வசனத்தை அவர் எடுத்தாள்கிறார்.

வழிபாட்டில்

யூதர்கள் பாசுகாவின்போது பாடும் அல்லேல் தொகுதியில் (113-118) இதுவும் ஒன்று. மோட்சார்ட் 1780-இல் இயற்றிய மாலை வழிபாட்டு இசையில் இதன் இலத்தீன் வடிவம் இடம்பெற்றுள்ளது.