ஆள்வோர் நடத்தையும் மக்கள் அபிப்பிராயமும்

பதவியில் இருப்பவர் மீது பழி எழுந்தால் மக்கள் அவரை வெறுத்து ஒதுக்குவர் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அனுபவம் எப்பொழுதும் அவ்வாறு அமைவதில்லை. பழிக்குமேல் பழி வந்து சேர்ந்தபோதும் செல்வாக்குக் குன்றாது நின்ற தலைவர்கள் உளர். ஒரே விவகாரத்தால் அடியோடு சாய்ந்தவர்களும் உளர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனாதிபதிகள் இருவருடைய வரலாறு இதற்குத் தக்க விளக்கம் தருகின்றது.

கிளின்ரன் 1992ஆம் ஆண்டில் சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டபோதே அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு நாடெங்கும் அடிபட்டது. ஆர்க்கன்சோ மாநிலத்தில் அவர் முன்னர் பணம் முதலிட்ட காணி வியாபாரம் ஒன்றைப் பற்றியும் பின்பு விசாரணை எழுந்தது. இவற்றையெல்லாம் அறிந்தே மக்கள் 1996இல் அவரை மீண்டும் தெரிவு செய்தனர். 1998 சனவரியில், வெள்ளை மாளிகையில் பணியாற்றிய இளம்பெண் ஒருவருடன் அவருக்குத் தகாத தொடர்பு இருந்ததென்ற செய்தி வெளிவந்தது. அவர் தொலைக்காட்சியில் அதனை அழுத்தந் திருத்தமாக மறுத்தார். ஏழு மாதங்கள் சென்றபின், ஓகஸ்ற் 17ஆந் தேதி, அதே தொலைக்காட்சியில் தோன்றி உண்மையை ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசெம்பர் 19ஆந் தேதி, பொய்ச்சத்தியம் செய்தமை, நீதிக்கு இடையூறு விளைத்தமை என்னும் இரு குற்றங்களைச் சாட்டிப் பிரதிநிதிகள் சபை அவருக்கெதிராகக் குற்றப் பிரேரணை நிறைவேற்றியது.

அதே நாட்களில் கலப் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில், நூற்றுக்கு 73 பேர் அவருக்குச் சார்பாக விடை கூறினர். எட்டு ஆண்டுப் பதவிக்காலத்தில் அவர் பெற்ற மிக உயர்ந்த ஆதரவு அதுவே. குற்றஞ் சாட்டப்பட்ட வேளையில் செல்வாக்கு உச்சியை எட்டியது பலருக்கும் விந்தையாகத் தோன்றியது.

விந்தையின் ஒரு பகுதி, கேட்கப்பட்ட வினாவிலேயே அடங்கியுள்ளது. இத்தகைய கணிப்பில் நாடெங்குமிருந்து ஏறக்குறைய ஆயிரம் பேர் தெரிந்தெடுக்கப்படுவர். சனாதிபதி தம் கடமையை ஆற்றும் முறையை ஏற்கின்றீரா, இல்லையா என்பதே அவர்களிடம் கேட்கப்படும். அவர் நல்லவரா, உண்மை பேசுபவரா என்பது வேறு வினா. அந்த வேறு வினாவைக் கேட்டபோது, கிளின்ரனை நேர்மையானவரென்று கூற மக்களிற் பெரும்பாலோர் முன்வரவில்லை. ஆகவே மக்கள் மனச்சாட்சியை இழந்துவிட்டனர் என்று கொள்வது பொருந்தாது. ஒரு தராசில் மனிதனையும் மற்றொரு தராசில் அவன் செய்யும் வேலையையும் அவர்கள் நிறுத்துப் பார்த்தனர்.

வேலையை நிறுக்கும் தராசில் அன்று விழுந்த எடையும் பெரிது. 1998இல் வேலையற்றோர் தொகை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தது. 1969ஆம் ஆண்டிற்குப் பின் முதன்முறையாக அரசாங்கத்தின் வரவு செலவைவிட மிகுந்தது. அன்றியும், படுக்கையறைச் செய்திகளை விரித்துரைத்த விசாரணை அறிக்கை, குற்றஞ் சாட்டியவர்கள்மீதே பலருக்கு அருவருப்பை உண்டாக்கியது. 1998 நவம்பர் தேர்தலில், வழக்கத்துக்கு மாறாக, சனாதிபதியின் கட்சி பிரதிநிதிகள் சபையில் ஐந்து ஆசனங்களைக் கூடுதலாகப் பெற்றது. 1999 பெப்ரவரி 12ஆந் தேதி செனற் சபை அவரை விடுவித்தது. தண்டிப்பதற்கு வேண்டிய 67 வாக்குகளை இரு குற்றச்சாட்டுகளுள் எதுவும் பெறவில்லை.

நிக்சனின் கதை வேறு. 1972 யூன் 17ஆந் தேதி வாஷிங்ரன் நகரின் வாட்டர்கேற் கட்டடத்தில், எதிர்க்கட்சியின் அலுவலகத்தினுள் இரகசியமாகப் புகுந்த ஐவர் பிடிபட்டனர். அச்செய்தி வெளிவந்த பின்னரே நவம்பர் தேர்தல் நடந்தது. நிக்சன் 50 மாநிலங்களுள் 49இல் வென்றார். 1973 சனவரி இறுதியில் அவருக்கிருந்த ஆதரவு நூற்றுக்கு 67. அப்போது அவ்விவகாரம் மக்களுக்கு ஓர் அற்பத் திருட்டாகவே தோன்றியது.

பின்னர் செனற் குழுவின் விசாரணை தொலைக்காட்சியில் ஒலி, ஒளி பரப்பாயிற்று. சனாதிபதியின் அறையில் நிகழ்ந்த உரையாடல்கள் நாடாக்களிற் பதிவாகியிருந்தமை அங்கேதான் வெளிப்பட்டது. அந்நாடாக்களைக் கேட்ட விசேட வழக்குத்தொடுநரை அக்டோபரில் நிக்சன் பதவி நீக்குவித்தார். அதே காலத்தில் விலைவாசி ஏறியது. எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்தது. 1974 யூலையில், நாடாக்களை ஒப்படைக்கும்படி உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. விசாரணையைத் தடுக்க அவரே வழிசொன்னமை அவற்றால் தெளிவாயிற்று. ஓகஸ்ற் 9ஆந் தேதி அவர் பதவி துறந்தபோது ஆதரவு நூற்றுக்கு 24 ஆகச் சுருங்கியிருந்தது.

இரு கதைகளையும் ஒப்பிட்டால் மக்கள் தீர்ப்பின் போக்கு ஓரளவு புலப்படும். வயிறும் தொழிலும் நிறைந்திருக்கும் காலத்தில் அவர்கள் பொறுமை மிக்கவர்கள். சொந்த வாழ்வின் வழுவைப் பெரும்பாலும் மன்னிப்பர். பொதுமக்கள் தந்த அதிகாரமே பொதுமக்களுக்கெதிராகத் திருப்பப்பட்டதென உணர்ந்தால், அப்பொறுமை நிலைப்பதில்லை. ஆயினும் அதனை உணர்வதற்கு அவர்களுக்குச் சான்று வேண்டும்.

இங்கேதான் எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகின்றது. தம்மீது பழி எழும்போது, மக்கள் தம் பக்கம் இருக்கின்றனர் என்று கணிப்பின் தொகையைக் காட்டுவது ஆள்வோர் பலருக்கு வழக்கம். 49 மாநிலங்களின் தீர்ப்பே முடிவானதென்று 1972இல் விசாரணை கைவிடப்பட்டிருந்தால், நாடாக்கள் வெளிவந்திரா. மக்களும் அறியாமலே வாழ்த்திக்கொண்டிருப்பர். கிளின்ரனும் 73 என்ற தொகையால் சட்டத்திலிருந்து தப்பவில்லை. 1999 ஏப்ரலில் நீதிபதி ஒருவர் அவரை நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளானவரெனக் கண்டார். பதவியின் இறுதி நாட்களில், ஆர்க்கன்சோவில் சட்டத்தொழில் புரியும் உரிமையை ஐந்து ஆண்டுகளுக்கு இழக்க அவர் உடன்பட நேர்ந்தது.

கணிப்பு, மக்கள் இன்று என்ன எண்ணுகின்றனர் என்பதைக் கூறும். அவர்களுக்கு இன்று என்ன தெரியும் என்பதையோ, நாளை என்ன தெரியவரும் என்பதையோ கூறாது. மக்களின் ஆதரவைக் கேட்டறிவது குடியாட்சியின் கடமை. அந்த ஆதரவு உயர்ந்து நிற்கும் வேளையிலும் உண்மையைத் தேடி அவர்கள் முன் வைப்பது அதனினும் பெரிய கடமை.