பழைய லாரிக்குக் கணிப்பொறித் திருத்தம் தகுமா?

பிழைப்பை நாடி மும்பை வட்டாரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் லாரியை நம்பி வாழும் குடும்பங்களும் உண்டு. களம்போலி இரும்புச் சந்தையில் சுமையேற்றிக்கொண்டு, புனே, சாத்தாரா, கோலாப்பூர் வழியாகத் தெற்கே செல்லும் வண்டிகளில் நம்மவர் வண்டிகளும் உள. ரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதுவது நம் தொழில். எனினும், எண்களோடு பழகியவர் என்ற உரிமையால், லாரிக் கணக்கையும் அன்பர்கள் நம்மிடம் கொணர்வதுண்டு.

அண்மையில் அவ்வாறு வந்த அன்பர் ஒருவருக்கு இரண்டு வண்டிகள். ஒன்று 2012-ஆம் ஆண்டு வாங்கியது. மற்றொன்று 2018-இல் வாங்கியது. எஞ்சினின் கணிப்பொறியைத் திருத்தினால் இழுவையும் கூடும், மைலேஜும் கூடும் என்று ஒருவர் அவரிடம் கூறி, வண்டிக்கு 40,000 ரூபாய் கேட்டாராம். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்துவைத்த பணத்திலிருந்து அதைக் கொடுக்கலாமா என்பதே அன்பரின் வினா. இவ்வினா மற்றக் குடும்பங்களுக்கும் எழக்கூடியது. ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை அழுத்திச் சூடேற்றி, அதனுள் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில் என்பதைப் பொறுத்ததே எஞ்சினின் வலிமை. பழைய வண்டிகளில் இதனை இயந்திரப் பம்பே முடிவு செய்யும். காமன் ரெயில் வண்டிகளிலோ, ஆயிரம் வளிமண்டலத்திற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் காத்து நிற்க, கணிப்பொறி தன்னுள் எழுதப்பெற்ற அட்டவணையைப் பார்த்து இஞ்செக்டரைத் திறந்து மூடுகிறது. அவ்வட்டவணையின் எண்களை மாற்றி எழுதுவதே டியூனிங் எனப்படுவது.

எனவே முதல் வினா, வண்டியில் திருத்துதற்குரிய கணிப்பொறி உண்டா என்பதே. அன்பரின் 2012 வண்டி இயந்திரப் பம்பு உடையது. அதில் மாற்றி எழுத அட்டவணையே இல்லை. பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் நாடெங்கும் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன; அதற்குப் பின் வாங்கிய 2018 வண்டியில் கணிப்பொறி உண்டு. ஆகவே நம் ஆராய்ச்சி அவ்வொரு வண்டியைப் பற்றியதே.

இழுவை கூடும் என்பது பொய்யன்று. டர்போ உள்ள எஞ்சினில் டீசலையும் காற்றையும் மிகுத்தால் வலிமை பெருகும். கம்பாட்கி மலையேற்றத்தில் ஒரு கியர் குறைவாக மாற்ற வேண்டியிருக்கும். ஆயின் அவ்வலிமை வருவது கூடுதல் டீசலிலிருந்தே. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்திற்கு ஈடான ஆற்றல் உண்டு. நல்ல எஞ்சின்கூட அதில் 40 விழுக்காடு அளவிலேயே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுத்துகிறது. எஞ்சிய பெரும்பகுதி வெப்பமாகி, ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெளியேறுகிறது. வலிமையை மிகுத்தால் இவ்வெப்பமும் மிகும். பல இலட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த டர்போவும், பிஸ்டனும், கிளட்சும், உப்புப் படிந்த ரேடியேட்டரும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டுமன்றோ!

இனி மைலேஜ். நெடுஞ்சாலையில் டீசலை உண்பவை முதன்மையாகக் காற்றின் தடையும் டயர்களின் உருளல் தடையும் ஆகும். கணிப்பொறி எண்களை மாற்றுவதால் இவ்விரண்டும் குறைவதில்லை. காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. 60 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதைவிட 80-இல் அது ஏறக்குறைய 1¾ மடங்கு. ஓட்டுநர் வேகத்தைச் சிறிது தணித்தால் கிட்டும் ஆதாயத்திற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

ஆயினும் விற்பவர் காட்டும் கணக்கு கவர்ச்சியானது. மாதம் 6,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 1,500 லிட்டர் டீசல் வேண்டும். மைலேஜ் 4.2 ஆனால் ஏறத்தாழ 71 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டால் மாதம் 6,400 ரூபாய். ஏழு மாதத்திற்குள் முதல் திரும்பிவிடும். கணக்கில் பிழையில்லை. அந்த 4.2 மெய்யாகவே வந்ததா என்பதை எவ்வாறு அறிவது? ஐயம் அங்கேதான் உள்ளது.

வண்டியின் முன்பலகை காட்டும் மைலேஜை நம்புதல் கூடாது. பீய்ச்சச் சொன்ன டீசலைக் கொண்டு அதே கணிப்பொறி போடும் கணக்கு அது. அட்டவணையை மாற்றியபின் அக்கணக்கும் பிறழக்கூடும். டேங்கை நிரப்பி அளப்பதே முறை. அதிலும் 300 லிட்டர் டேங்கில் 10 லிட்டர் முன்பின் நிரம்பினால் 3 விழுக்காட்டுக்கு மேல் பிழை வந்துவிடும். நாம் தேடும் ஆதாயமே 5 விழுக்காடுதான்! ஆகவே ஒரே வழி, ஒரே ஓட்டுநர், ஏறத்தாழ ஒரே சுமை என்ற நிலையில், மூன்று முறை நிரப்பிய கணக்கை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். அப்போது அதே 10 லிட்டர்ப் பிழை ஒரு விழுக்காடு அளவாகச் சுருங்கிவிடும்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றுதலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம் என 2019-இல் செய்த திருத்தம் கூறுகிறது. பாரத் ஸ்டேஜ் 4 டீசல் வண்டியின் புகை, ஹார்ட்ரிட்ஜ் அளவில் 50-ஐத் தாண்டலாகாது. டீசலை மிகுத்தால் முதலில் கூடுவது கரும்புகையே. விபத்து நேர்ந்தால், காப்பீடு தருவோர் இம்மாற்றத்தைக் காட்டி ஆட்சேபிக்கவும் இடம் உண்டு.

நாம் அன்பருக்குக் கூறியது இதுவே: 40,000 ரூபாயை அப்படியே வைத்திருங்கள். முதலில் ஏர் பில்டர், டயர்க் காற்று, சக்கர நேர்சீர், உராயும் பிரேக்கு, கசியும் டர்போக் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். இஞ்செக்டர்களைக் கழற்றிச் சோதனை மேசையில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஒழுகினாலும் டீசலும் போகும், பிஸ்டனும் கெடும். கணிப்பொறிக்கும் வேலை உண்டு. அதில் பதிந்துள்ள பழுதுக் குறிகளைப் படிக்கச் செய்யுங்கள். புதிய இஞ்செக்டர் பூட்டினால், பல வண்டிகளில் அதன்மேல் பொறித்துள்ள குறியெண்ணைக் கணிப்பொறியில் பதிய வேண்டும். பதியாவிடில் அளவு பிசகும். உற்பத்தியாளரே வெளியிட்ட திருத்தம் ஏதேனும் உண்டா என அவருடைய பட்டறையில் வினவுங்கள். சட்டத்திற்கு உட்பட்ட திருத்தம் அதுவே. இவை முடிந்தபின் மூன்று டேங்குக் கணக்கை எழுதிப் பாருங்கள்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர். நலிந்த எஞ்சினின் இழந்த திறனை மீட்பது பழுதுபார்த்தல். இல்லாத திறனை அதன்மேல் ஏற்றுவது டியூனிங். முன்னது பழைய வண்டிக்கு மருந்து. பின்னது, வலுவான உடலுக்கே ஒருவேளை தகும் சுமை. லாரி வைத்திருக்கும் நம் இல்லங்களில் வரவுசெலவு எழுதுவோர், பெரும்பாலும் தாய்மார்கள், இன்றே குறிப்பேட்டில் புதுப் பக்கம் ஒன்று திறந்து, நிரப்பிய லிட்டர், மீட்டர் எண், ஏற்றிய டன், சென்ற ஊர் ஆகிய நான்கையும் எழுதத் தொடங்கட்டும். மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால், எவர் வந்து எதைக் கூறினாலும் விடை அப்பக்கத்திலேயே இருக்கும்.