மீன் அரைத்த மணல்

மாலத்தீவுக்குக் குடும்பத்தோடு போய்வந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘உச்சிவெயிலில் ரிசார்ட் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தோம். மணல் சுடவே இல்லை. மெரினாவில் அந்த நேரத்தில் நாலு அடி வைக்க முடியுமா? விசாரித்தால், எங்கள் மணல் தனிச்சிறப்பு வாய்ந்தது என்று சிரிக்கிறார்கள். அப்படி என்ன சிறப்பு?’

சூட்டை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அந்த மணல் வெள்ளை. விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நம் ஊர் மணல் பழுப்பு, இடையிடையே கருமணலும் உண்டு. வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நம் உள்ளங்காலில் கொடுக்கிறது. அவ்வளவுதான். ‘தனிச்சிறப்பு’ என்று சிரித்தவர்கள் சொல்லாமல் விட்டது வேறொன்று. தேனிலவுத் தம்பதிகள் படுத்துப் புரண்டு படமெடுத்துக்கொள்ளும் அந்த மணலில் கணிசமான பங்கு மீனின் மலம்.

முகம் சுளிக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மாலத்தீவுக்கு மணல் எங்கிருந்து வந்திருக்கும்? தமிழகக் கடற்கரையில் கிடப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். ஆறுகள் மலைப்பாறையை உடைத்து இழுத்துவந்து கடலில் தள்ளின, அலைகள் அதைக் கரையேற்றின. மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள் உண்டு. ஓர் ஆறு கிடையாது, ஒரு குன்று கிடையாது. நாட்டின் மிக உயரமான இயற்கை மேடே இரண்டரை மீட்டரைத் தொடாது. சுற்றியிருப்பது பவளப்பாறை மட்டும். ஆகவே மணலும் பவளப்பாறையிலிருந்தே வந்தாக வேண்டும். அலை மோதி உடைத்தது கொஞ்சம். மீதிக்கு ஒரு தொழிலாளி வேண்டும்.

அந்தத் தொழிலாளி கிளிமீன். (கேரளச் சந்தையில் இதே பெயரில் விற்கும் சிவந்த மீன் வேறு.) பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக மின்னும் உடம்பு, முகத்தில் கிளிமூக்கு. அந்த மூக்கு உண்மையில் பற்கள்தான். சுமார் 1,000 பற்கள் 15 வரிசைகளில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி அலகாகியிருக்கின்றன. பல்லின் நுனி ஃப்ளூரோஅபடைட் என்ற கனிமம். பற்பசையில் ஃப்ளூரைடு சேர்ப்பதே நம் பல்லின் மேற்பூச்சைக் கொஞ்சமாவது இந்தப் பக்கம் நகர்த்தத்தான். மீனுக்கு அது பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோ அளவுகோலில் அபடைட்டுக்கு ஐந்தாம் இடம். பவளத்தின் சுண்ணாம்பு மூன்றரைக்கும் நாலுக்கும் இடையே நிற்கிறது. ஒன்று ஒன்றரைப் படி வித்தியாசம்தான், ஆனால் கடிக்க அது போதும். குவார்ட்ஸ் ஏழில் இருக்கிறது. மாலத்தீவைச் சுற்றிக் கருங்கல் இருந்திருந்தால் கிளிமீனின் பல் கொட்டியிருக்கும், ரிசார்ட்டுகளும் வந்திருக்காது.

கடிப்பது பாதி வேலை. கடித்த துண்டு கல்லாகவே இருக்கிறது. அதை மணலாக்குவது தொண்டை. கிளிமீனின் தொண்டைக்குள் இரண்டாவதாக ஒரு தாடை உண்டு. கீழே குழிந்த ஒரு பலகை எலும்பு, மேலே புடைத்த எலும்புகள், இரண்டிலும் வரிசை வரிசையாகப் பற்கள். மேலிருப்பது கீழிருப்பதன்மீது முன்னும் பின்னும் அழுந்தி உரசுகிறது. நம் வீட்டு அம்மியும் குழவியும் அப்படியே! நாள்பட்ட அம்மியின் நடுவில் குழிவு விழுந்திருக்குமே, அந்தக் குழிவுகூட இங்கே உண்டு. அம்மி தேய்ந்தால் ‘அம்மி கொத்தலையோ’ என்று தெருவில் கூவி வருபவருக்காகக் காத்திருந்தோம். இந்த அம்மி தன்னைத்தானே கொத்திக்கொள்கிறது. ஒரு பக்கம் பற்கள் தேயத் தேய மறுபக்கம் புதிய பற்கள் வரிசையாக முளைத்து வந்துகொண்டே இருக்கும். அம்மி கொத்துபவருக்கு அங்கே பிழைப்பில்லை. ஆனால் எந்த வீட்டிலும் நடக்காத கூத்து ஒன்றும் நடக்கிறது. நாம் துவையலை அரைத்துத் தின்றுவிட்டு அம்மியைக் கழுவி வைப்போம். இந்த மீன் கல்லையே அம்மியில் இட்டு, மாவாய் அரைத்து, அதில் ஒட்டியிருந்த உப்புக்காரத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மாவு முழுவதையும் வெளியே கொட்டிவிடுகிறது. இதற்கு மேல் உவமையை இழுத்தால் அம்மி உடையும், விட்டுவிடுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். கிளிமீனுக்கு இரைப்பை கிடையாது. தொண்டை அரைத்ததும் நேரே குடல். இரைப்பை இருந்து, அதில் நம்மைப்போல அமிலமும் சுரந்திருந்தால் என்ன ஆகும்? சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்தால் கரியமில வாயு. அமில எரிச்சலுக்கு நாம் விழுங்கும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் இதே கால்சியம் கார்பனேட்தான். விழுங்கியதும் ஏப்பம் வருவது அதனால். நாள் முழுக்கச் சுண்ணாம்பை விழுங்கும் ஒரு மீனுக்கு அமிலம் சுரந்தால், அமிலமும் வீண், மீனும் ஊதிப்போகும். மணலும் பாதியில் கரைந்து போயிருக்கும். இரைப்பை இல்லாததால்தான் கல் கல்லாகவே உள்ளே போய், பொடியாகி, அப்படியே வெளியே வருகிறது. ஓர் உறுப்பு இல்லாமல் போனதில் ஒரு நாட்டுக்கே கடற்கரை கிடைத்திருக்கிறது.

சரி, கல்லைத் தின்று என்ன கிடைக்கிறது? பவள உயிரியைத் தின்கிறது என்றும், பாசியை மேய்கிறது என்றும் வெகுநாள் எழுதிவந்தார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் கெண்டல் கிளெமென்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் சில ஆண்டுகளுக்கு முன் அதை மறுத்தார்கள். கல்லின் மேல்பரப்பிலும் உள்ளே சில மில்லிமீட்டர் ஆழத்திலும் துளையிட்டு வாழும் நுண்ணுயிர்கள்தான், முக்கியமாக சயனோபாக்டீரியாக்கள்தான், பெரும்பாலான கிளிமீன்களின் உண்மையான இலக்கு என்பது அவர்கள் வாதம். புரதம் மிக்க உணவு கல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. கல்லை உடைக்காமல் அதை எடுக்க வழியில்லை.

வரலாறும் கேட்பீர்கள். சார்லஸ் டார்வின் 1836இல் இந்தியப் பெருங்கடலின் கோக்கோஸ் தீவுகளில் இந்த மீன்களைப் பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்த்து, குடல் நிறையச் சுண்ணாம்புச் சேறு இருந்ததைப் பதிவு செய்தார். மூழ்கும் எரிமலையைச் சுற்றிப் பவளம் மேல்நோக்கி வளர்ந்தே வளையத்தீவுகள் உருவாகின்றன என்ற அவருடைய நூல் 1842இல் வந்தது. பசிபிக்கின் எனிவெடாக்கில் 1952இல் ஆயிரம் மீட்டருக்கும் கீழே துளையிட்டு எரிமலைப் பாறையைத் தொட்ட பிறகே அது சரியா என்ற வாதம் ஓய்ந்தது. இதெல்லாம் நடந்து முடிந்தும் மணல் கணக்கை யாரும் ஒழுங்காகப் போடவில்லை.

போட்டவர்கள் கிறிஸ் பெர்ரி, பால் கெஞ்ச் முதலிய ஆய்வாளர்கள். மாலத்தீவின் பா வளையத்தீவில் உள்ள வக்காரு என்ற சிறு தீவைச் சுற்றி யார் எவ்வளவு மணல் உண்டாக்குகிறார்கள் என்று கணக்கெடுத்து 2015இல் வெளியிட்டார்கள். பவளத்திட்டின் வெளிவிளிம்பை ஒட்டிய ஆழமற்ற பகுதியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆண்டுக்கு 5.7 கிலோ புதுமணல். அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன் உபயம். ஹாலிமீடா என்ற சுண்ணாம்புப் பாசி உதிர்ப்பது 10 விழுக்காடு. மற்றதெல்லாம் சில்லறை.

இந்த 85தான் விளம்பரங்களிலும் சமூக ஊடகப் படங்களிலும் பாடாய்ப் படுகிறது. ‘உலகின் வெண்மணல் எல்லாமே மீன் மலம்’ என்று ஆகிவிட்டது. அது ஒரு தீவின், ஒரு பவளத்திட்டின், ஒரு பகுதிக்கான கணக்கு. வேறு கடல்களில் ஹாலிமீடா முந்திக்கொள்ளும்; ஜப்பானின் ஒகினாவா பக்கம் நட்சத்திர வடிவ மணலாகக் கிடப்பவை ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் ஓடுகள். ‘ஒரு மீன் ஆண்டுக்கு இத்தனை நூறு கிலோ மணல் தரும்’ என்ற வரியையும் அப்படியே நம்ப வேண்டாம். எந்த இனம், எவ்வளவு பெரிய மீன் என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. சில இனங்கள் கல்லைத் தோண்டும், பல இனங்கள் சுரண்டுவதோடு சரி. மேலும் மீன் வெளியேற்றும் மணலில் ஒரு பகுதி அது ஏற்கனவே கிடந்த மணலை விழுங்கித் திரும்பக் கொட்டியது. புது உற்பத்தி என்று அதை எண்ணினால் ஒரே ரூபாயை இரண்டு முறை வரவு வைத்ததாகும்.

‘மாலத்தீவு மூழ்கப்போகிறது’ என்ற தலைப்புச் செய்தியிலும் மணல் கணக்கு வருவதில்லை. கடல் உயர்வது உண்மை. ஆனால் இந்தத் தீவுகள் சிமெண்ட் தரைபோல் அசையாமல் கிடப்பவை அல்ல. தென்மேற்குப் பருவக்காற்றில் மணல் ஒரு பக்கம் நகர்கிறது, வடகிழக்கில் திரும்பி வருகிறது. ‘படத்தில் பார்த்த கடற்கரை அங்கே இல்லை’ என்று கோபப்படும் விருந்தாளி பெரும்பாலும் தவறான மாதத்தில் போயிருப்பார். நகரும் மணலைத் தடுப்புச்சுவர் கட்டி நிறுத்தப் பார்க்கும் ரிசார்ட் ஒரு பக்கம் காப்பாற்றி மறுபக்கம் இழக்கிறது. தீவு நிலைக்க இரண்டு வேண்டும்: மணல் தடையின்றி நகர வேண்டும், புதுமணல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவதில்தான் சங்கடம். 2016இல் கடல் சூடேறி மாலத்தீவில் பவளங்கள் பெருவாரியாக வெளுத்து மடிந்தன. அதன் பிறகு மணல் உற்பத்தி கூடியது! செத்த பவளத்தின்மேல் பாசியும் நுண்ணுயிரும் செழிக்க, கிளிமீனுக்கு மேய்ச்சல் பெருகியது. பெர்ரியின் குழு 2020இல் இதையும் எழுதியிருக்கிறது. கடற்கரைக்கு நல்ல செய்தி என்று ரிசார்ட்டுகள் மகிழலாம். ஆனால் அது முதலை எடுத்துச் செலவழிக்கும் வரவு. பவளம் மீண்டும் வளராவிட்டால் அரைக்கக் கல் இருக்காது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல்குளத்தின் படத்தைப் பார்ப்பதோடு, கரையிலிருந்தே நீந்திப்போகும் தூரத்தில் உயிருள்ள பவளத்திட்டு உண்டா என்றும் கேளுங்கள். முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு நீருக்குள் தலையை விட்டால், கிளிமீன் கல்லைக் கடிக்கும் நறநற சத்தம் காதில் விழும். பவளத்தின்மேல் நிற்காதீர்கள். பெலீஸ் நாடு 2009இலேயே கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்துவிட்டது. தடையில்லாத ஊரில் அது சமைத்துத் தட்டில் வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தின்ன வேறு மீன் நிறைய இருக்கிறது.