எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?

இரண்டே ஆண்டுகளில் எய்ட்ஸ் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்று 1984இல் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் நம்பிக்கையோடு சொன்னார். நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. 2009இல் வெளியான தாய்லாந்து சோதனை முடிவில் கிடைத்த பலன் 31 சதவீதம்தான்.

தட்டம்மை வந்து போனவர் உடலில் எதிர்ப்பாற்றல் தங்கிவிடும். தடுப்பூசி அதைத்தான் நகலெடுக்கிறது. எச்.ஐ.வி.யைத் தானாகவே விரட்டிய உடல்களோ அரிதிலும் அரிது. நகலெடுக்க மாதிரி வேண்டாமா?

போதாக்குறைக்கு, இந்த வைரஸ் தாக்குவதே எதிர்ப்புப் படையின் தளபதிகளான சிடி4 செல்களை. சில நாட்களிலேயே தன் மரபணுவை அவற்றின் டி.என்.ஏ.வுக்குள் செருகி ஒளிந்துகொள்ளும். ஆகவே நோய் முற்றாமல் பார்த்துக்கொண்டால் போதாது, தொற்றையே தடுத்தாக வேண்டும்.

செல்லுக்குள் நுழைய வைரஸுக்கு உதவுவது அதன் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைப் புரதம். அதன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைச் சங்கிலிகள். அவையும் நம் செல்லே தயாரித்துக் கொடுத்தவை! நம்முடையதுதானே என்று எதிர்ப்பு மண்டலம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சர்க்கரை மூடாத பகுதிகளோ, மரபணுவைப் படியெடுக்கையில் நேரும் பிழைகளால் ஓயாமல் உருமாறுகின்றன. இந்த வாரம் பிடித்த ஆன்டிபாடி அடுத்த மாதம் வழுக்கிவிடும்.

தொற்றியவர்களில் சிலருக்கு மட்டும், சில ஆண்டுகள் கழித்து, பல ரக வைரஸ்களையும் முடக்கும் ஆன்டிபாடிகள் உருவாகின்றன. அதற்குள் வைரஸ் வேரூன்றியிருக்கும். அந்த நெடும்பயணத்தை முன்கூட்டியே நடத்திவைக்க, வெவ்வேறு ஊசிகளை வரிசையாகப் போட்டு, ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் பி செல்களைப் பழக்குவதே இன்றைய முயற்சி. முதல் ஊசிக்கான சோதனை முடிவு 2022இல் வந்தது: 36 பேரில் 35 பேருக்குத் தேவையான முன்னோடிச் செல்கள் விழித்துக்கொண்டன. அடுத்தடுத்த ஊசிகள்தான் கடினம்.