மெக்னீசியத்தில் பெயின்ட் ஏன் நிற்பதில்லை?

வடமாலபேட்டை வாசகர் ஒருவரிடம் பழைய வெளிநாட்டு பைக் ஒன்று இருக்கிறது. அதன் டேப்பெட் கவருக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளம் கிளம்பி உரிகிறதாம். குறை பெயின்ட்டிலா, அடித்தவர் கையிலா என்று கேட்கிறார். இரண்டிலும் இருக்க வேண்டியதில்லை. அந்த கவர் மெக்னீசியத்தில் வார்த்தது.

உலோகங்கள் காற்றில் ஆக்சைடைப் போர்த்திக்கொள்வது தெரிந்ததே. அந்தப் போர்வை உடம்புக்குப் போதுமா என்று 1923இல் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் கணக்குப் போட்டார்கள். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் ஆக்சைடானால் 1.28 கன சென்டிமீட்டர் ஆகிறது. மெக்னீசியமோ 0.81 ஆகச் சுருங்கிவிடுகிறது.

அலுமினியத்துக்கு வாய்த்தது எட்டு முழ வேட்டி. இடுப்பைச் சுற்றியும் மிச்சமிருக்கும். மெக்னீசியத்துக்குக் கிடைத்ததோ ஈரிழைத் துண்டு. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் தெரியும். அந்த இடைவெளியில் ஈரம் புகுந்ததும் கதை தலைகீழாகிறது. உண்டாவது ஹைட்ராக்சைடு, அதன் கணக்கு 1.77. போதாத துண்டு நனைந்து ஊதி, மேலே போட்ட சட்டையைப் பிதுக்குகிறது. பெயின்ட்தான் அந்தச் சட்டை. கூடவே பிறக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வழியில்லாமல் பெயின்ட்டைத் தூக்குகிறது. அரிப்பு முழுவதையும் இந்த ஒரு விகிதம் விளக்கிவிடாது என்பது உண்மை. ஆனாலும் முதலில் சுருங்கிப் பிறகு வீங்கும் இந்த விந்தையை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான்.

இந்த ஹைட்ராக்சைடு அமிலத்தில் கரையும், கடுங்காரத்தில் கரையாது. அதனால் அலுமினியத்தைத் தின்றுவிடும் காஸ்டிக் சோடா மெக்னீசியத்தை ஒன்றும் செய்வதில்லை. பட்டறையில் வழக்கமாக எடுக்கும் ஆசிட்தான் இதற்கு எமன். எந்த உலோகம் என்று சந்தேகமா? உள்பக்கம் ஓர் ஓரத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். குமிழி கிளம்பினால் மெக்னீசியம்.

வரலாறு என்று பார்த்தால், டேவி 1808இல் பிரித்தெடுத்த இந்த உலோகம் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் சுமார் 20 கிலோ இருந்தது. 1942இல் ஹானவால்ட் குழுவினர் கண்டதுதான் நமக்கு உதவுவது: மெக்னீசியத்தில் கலந்த இரும்பு 0.017 சதவீதத்தைத் தாண்டினால் உப்புநீரில் அரிப்பு சட்டென்று எகிறுகிறது. இரும்புத் துணுக்கு ஒவ்வொன்றும் குட்டி மின்கலம் ஆகிவிடுகிறது. உலோகத்துக்குள் இருப்பதுதான் கெடுக்கும் என்றில்லை. மேலே ஒட்டியதும் கெடுக்கும். எனவே இரும்புக் கம்பி பிரஷ் கூடாது, இரும்புக் குண்டு அடித்துச் சுத்தம் செய்வதும் கூடாது. கண்ணாடி மணி போதும். தேய்த்த தூளைச் சேரவிடாதீர்கள். பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த மணலைக் கொட்டுங்கள்.

கழுவியதும் நன்றாக உலர்த்தி, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். பவுடர் கோட்டிங் என்றால் வெறும் கவரை முதலில் சூடாக்கி, வார்ப்பின் நுண்துளைகளில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட வேண்டும்.

'நானோ செராமிக்' என்று டப்பாவில் வரும் ஸ்ப்ரேக்களை நான் நம்பவில்லை. அடியில் கிடக்கும் துண்டை மாற்றாமல் சட்டையை மட்டும் மாற்றும் வேலை அது. உருப்படியான வழி, காரக் கரைசலில் மின்பொறிகளால் தடித்த ஆக்சைடை வளர்ப்பது. ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இந்த நுட்பத்தில் உழைத்திருக்கிறது. மூலைக்கடைப் பட்டறைக்கு அது இன்னும் எட்டாது.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தியாவின் அரிப்பு வரைபடத்தையே தயாரித்திருக்கிறது. கடற்கரைக் காற்றில் உப்பு கூடுதல் என்பதால் சென்னைக்காரர்களுக்குத்தான் அதிகக் கவலை; வடமாலபேட்டை உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனால் மழைத்தண்ணீரும் இரும்புத் திருகும் சேர்ந்தாலே போதும். கவரைத் திருப்பி மாட்டும்போது ஒவ்வொரு திருகுக்கும் அடியில் அலுமினிய வாஷர் போடச் சொல்லுங்கள். கொப்புளம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.